ஏரி வெட்டியவர்களுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

பிள்ளைகளா, உங்கள் பள்ளியில் யாரோ, "உங்க அப்பாதானே ஆளே சாகாத சாவுக்கு போஸ்டர் அடிச்சாரு?" என்று கேட்டுச் சிரித்ததாகச் சொன்னீர்கள். பெரியவளே, நீ அழுதுகொண்டு வந்தாய். சின்னவனே, நீ அடித்துவிட்டு வந்தாய். இரண்டுமே வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன், படித்துவிட்டு அதற்கு அப்புறமும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எனக்கே சில இடங்களில் வருகிறது. ஆனால் ஒரு திருத்தம். அது ஆள் சாகாத சாவு இல்லை. நிறைய ஆட்கள் செத்திருக்கிறார்கள். யார் யார் என்றுதான் தெரியாது.

நம் காலனியைத் தாண்டி வெள்ளானூர்ப் பக்கம் போனால் ஏரிக்கரை. மதகுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் தூண். நீங்கள் கரிக்கட்டியால் ஸ்டம்பு வரைந்து கிரிக்கெட் ஆடுவீர்களே, அதே தூண்தான். அதில் வெள்ளைக்காரன் காலத்துப் பளிங்குப் பலகை ஒன்று பதித்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நம் தெருவில் யாரும் கவலைப்பட்டதில்லை. ஆடு கட்டுகிறவர்களுக்கு அது முளைக்குச்சி. காலையில் நடக்கிறவர்களுக்கு அது காலைத் தூக்கி வைத்துக் குனிந்து நிமிர ஒரு இடம்.

திடீரென்று காலனிச் சங்கத்துக்கு அந்தத் தூண் மேல் பாசம் பொங்கியது. ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று ஆரம்பித்திருந்தார்கள். நடைபாதை போட்டார்கள். சிமெண்டில் ஒரு கொக்கு செய்து வைத்தார்கள். அதைப் பார்த்த உயிருள்ள கொக்குகள் எதிர்க்கரைக்குக் குடி போய்விட்டன. ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி, நடுவில் சிவப்பு இதயம் வைத்தார்கள். இவ்வளவும் ஆன பிறகு, வரலாறு ஒன்று குறைகிறதே என்று செயலாளர் கண்டுபிடித்தார். அவர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பளிங்குப் பலகை விரிசல் விட்டுவிட்டது, அதை எடுத்துவிட்டுக் கறுப்பு கிரானைட்டில், தங்க எழுத்தில், தமிழில் புதுசாக வைப்போம் என்றார். எழுத்துகளை அமைத்துத் தருகிற வேலை எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்தது. அதாவது எனக்கு வந்தது.

செயலாளர் கையால் எழுதிக் கொடுத்த காகிதத்தில் முதல் நான்கு வரி முழுக்கப் பட்டம்தான். மேதகு, மாட்சிமை பொருந்திய, கருணைக் கடல், ஏரி தந்த வள்ளல். ஐந்தாவது வரியில் துரையின் பெயர். ஆறாவது வரியில், பஞ்ச காலத்தில் அவர் இந்த ஏரியை வெட்டி மக்களைக் காத்தார் என்ற சேதி. அதோடு துரை முடிந்தார். அதற்குக் கீழே சங்கத்துக்காரர்கள் பதினேழு பேர். தலைவர், துணைத் தலைவர்கள் மூவர், செயலாளர், பொருளாளர், ஆலோசனை ஒருவர், சிறப்பு ஆலோசனை ஒருவர் என்று போய், கடைசியில் 'ஒலிபெருக்கி உதவி' என்று ஒருவர்.

மாதிரியை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று உங்கள் அம்மாதான் எப்போதும் பார்த்துச் சொல்வாள். அன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலை முடிந்து வந்து, பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். மாதிரியைத் தரையில் விரித்து மேலிருந்து கீழே படித்தாள்.

"பிழைலாம் ஒன்னும் இல்ல," என்றாள். "ஆனா மைக் செட்டுக்காரர் பேரு கூட கீது. ஏரிய வெட்டுனவன் பேரு எங்க?"

"மேலதான் இருக்கே. துரை."

"துரை தலையில கூடை வெச்சிகினு மண்ணு சொமந்தாரா?"

அவள் பீன்ஸ் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "எங்க ஊட்ல சொல்லுவாங்க. எங்க அப்பாவுக்குத் தாத்தாவோ, அவருக்கும் அப்பனோ, பஞ்சத்துல இந்தக் கரைக்கு மண்ணு கொட்டித்தான் கூழு குடிச்சாராம். கூட வந்த பொண்டாட்டி கரையிலேயே வுழுந்து செத்துப்போச்சாம். அங்கியே பொதைச்சிட்டு மறுநாளு கூடைய தூக்கினாராம். அந்தம்மா பேரு இன்னான்னு கேட்டா எங்க ஊட்ல ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க காலைல வாக்கிங் போறீங்களே, அது அவங்க மேலதான்."

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"ஒரு வரி போடச் சொல்லுங்க. வெட்டுனவங்க கூலி ஜனங்கன்னு. ஒரே ஒரு வரி."

கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் அம்மா என்னிடம் கேட்டதில், கடையில் கிடைக்காத பொருள் இது ஒன்றுதான். கல் இன்னும் வெட்டவில்லை. திறப்பு விழாவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. ஒரு வரிதானே, போட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கையோடு செயலாளரிடம் போனேன்.

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "துரை இல்லேன்னா நமக்கு ஏரியே கிடையாதுப்பா."

"சார், வெட்டினது ஆளுங்கதானே?"

"அவங்களுக்குத்தான் கூலி குடுத்தாச்சே. கணக்கு முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல கல்லுல எழுதுவாங்களா? உங்க வீடு கட்டுன மேஸ்திரி பேரை வாசல்ல எழுதியிருக்கியா?"

எனக்குச் சொந்த வீடு கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

"சரி சார், மைக் செட்டுக்காரர்..."

"அவர் இலவசமா தர்றார்ப்பா!" என்று எழுந்துவிட்டார். "இடமும் இல்ல. நீயே பாரு, ஒரு விரல் கூட இடம் இல்ல."

அது உண்மைதான். அமைத்தவனே நான்தானே.

வீட்டுக்கு வந்து இடமில்லையாம் என்று சொன்னேன். உங்கள் அம்மா கோபப்படவில்லை. "அப்பவும் அவங்களுக்கு எடம் இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குக்கரை ஏற்றினாள். கோபப்பட்டிருந்தால் நான் மறந்திருப்பேன்.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். பத்தாவது முடித்ததிலிருந்து, ஆவடியில் யார் வயசுக்கு வந்தாலும் யாருக்குக் காது குத்தினாலும் பேனர் போடுகிறவன் நான். யார் செத்தாலும் போஸ்டர் போடுகிறவன். அதிலும் கண்ணீர் அஞ்சலி என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். மேலே இரண்டு கண், கண்ணீர். ஒரு பக்கம் குத்துவிளக்கு, மறுபக்கம் வெள்ளைப் புறா. கிறிஸ்தவர்கள் வீடு என்றால் விளக்கை எடுத்துவிட்டுச் சிலுவை. நடுவில் செத்தவர் படம், தோற்றம், மறைவு. கீழே வருந்துகிறவர்கள் வரிசையாக, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, சிலர் போனைக் காதில் வைத்துக்கொண்டு. நம் ஊரில் செத்துப்போனால் ஒரு மனுஷனுக்கு இந்த மரியாதை உறுதியாகக் கிடைக்கும். குடிகாரனுக்கும் கிடைக்கும். ஏரி வெட்டியவனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவன் செத்த காலத்தில் எங்கள் கடை இல்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்தேன். முதல் நாளே முதலாளியிடம் சொல்லியிருந்தேன், ஒரு அஞ்சலி போஸ்டர் சொந்தத்துக்கு அடித்துக்கொள்கிறேன் என்று.

"யாருடா நைனா?" என்றார்.

"வீட்டுக்காரம்மா வழியில, அண்ணாத்தே."

"அடப்பாவமே. பத்து காப்பி நல்ல பேப்பர்ல போட்டுக்கோ. லீவும் எடுத்துக்கோ."

நான் பொய் சொல்லவில்லை. அவர் மேலே கேட்கவும் இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்கு யாரும் புதுசாக ஃபைல் செய்ய மாட்டோம். பழைய சாவு ஒன்றைத் திறந்து, ஆளை மாற்றி, ஊரை மாற்றி அச்சுக்குப் போட்டுவிடுவோம். போடும் முன் ஒருவர் சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் ஒவ்வொரு வரிக்கும் 'சரி' சொல்வார். அன்றைக்கு 'சரி' சொல்ல ஆளில்லை. பூந்தமல்லிப் பக்கத்துக்காரர் ஒருவருடைய ஃபைலைத் திறந்தேன். அவர் முகத்தை எடுத்துவிட்டு மண்வெட்டியும் கூடையும் வைத்தேன். 'ஏரி வெட்டிய கூலிகள்' என்று பெரிசாகப் போட்டேன். தோற்றம்: தெரியாது. மறைவு: இந்தக் கரையில். கீழே, 'ஆழ்ந்த வருத்தத்துடன், ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்தோர்'. வருந்துகிறவர்கள் படம் வைக்கிற இடத்தில் ஆறு வட்டங்களைக் காலியாக விட்டேன். மைதா பசை காய்ச்சி எடுத்துக்கொண்டுபோய், தூணைச் சுற்றிச் சுவரிலும் மின்கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒன்பது மணிக்கு உங்கள் அம்மா காலனி வாட்ஸ்அப்பைக் காட்டினாள். யாரோ போஸ்டரைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கும்பிட்ட கைகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஓம் சாந்தி. ஆத்மா சாந்தியடைய. கர்த்தருக்குள் இளைப்பாறட்டும். ஈடு செய்ய முடியாத இழப்பு. அந்த 'ஈடு செய்ய முடியாத இழப்பு' நம் செயலாளர் போட்டது. நம் காலனியில் அஞ்சலி போஸ்டரை யாரும் படிப்பதில்லை. இரண்டு கண்ணும் கண்ணீரும் தெரிந்தால் விரல் தானாகக் கும்பிட்ட கையைத் தேடும்.

"எல்லாரும் மரியாதை பண்றாங்க பாரு," என்றேன் பெருமையாக.

அம்மா போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இன்னாங்க இது? இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில்னு போட்டுக்கீது?"

பூந்தமல்லிக்காரரின் வரி. எடுக்க மறந்துவிட்டேன்.

ஓடிப்போய்க் கிழிக்கலாம் என்று எழுந்தேன். அம்மா விடவில்லை. "செத்தவங்க போஸ்டர் போட்ட அன்னிக்கே கிழிச்சா ஜனம் உங்கள அடிக்கும். உக்காருங்க."

நான்கு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் கரைக்குப் போனோம். அங்கே ஐம்பது பேருக்கு மேல் நின்றார்கள். சைக்கிளில் வந்தவர்கள், ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு இறங்கியவர்கள், கொரட்டூரிலிருந்து யாரோ சொந்தம் என்று நினைத்து ரயிலேறி வந்த ஒரு அம்மா. விழாவுக்காக வெள்ளையடித்த ஈரம் காயும்வரை காக்காய் உட்காரக் கூடாது என்று தூணுக்கு மேலிருந்து கீழ்வரை வெள்ளை வேட்டி சுற்றி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் வேறு எதற்கு மாலை போடுவார்கள்? முதல் மாலையைப் போட்டவர் எங்கள் முதலாளி. பெரிய ரோஜா மாலை. போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து, "மனச தேத்திக்கோடா," என்றார்.

மேளக்காரர்களும் வந்துவிட்டார்கள். சாவு என்று கேள்விப்பட்டால் கூப்பிடாமலே வந்து நிற்கிற குழு அது. அவர்களுடைய தலைவர் என்னிடம் வந்தார். "அண்ணாத்தே, பாடி எங்க? எந்த ஊட்லேர்ந்து தூக்கறோம்?"

"பாடி இல்ல."

"இன்னும் ஜி.எச்.லேர்ந்து வர்லியா?"

"இல்லப்பா, அவங்க செத்து ரொம்ப காலம் ஆச்சு."

அவர் யோசித்தார். "அப்ப வருஷாப்தி. வேற அடி அடிக்கணும்," என்று சொல்லிவிட்டு, ஆட்களுக்குச் சைகை காட்டினார். மேளம் ஆரம்பித்துவிட்டது.

இதற்குள் கூட்டத்தில் யாரோ ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏரியில் அப்போது தூர் வாருகிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஏரி வெட்டிய கூலிகள் என்றால், தூர் வாருகிறவர்கள்தான் மண் சரிந்து செத்திருக்கிறார்கள், காண்டிராக்டர் மூடி மறைக்கிறான் என்று பேச்சு. பேச்சு எழுந்த பத்தாவது நிமிஷம் போலீஸ் ஜீப் வந்தது. அதற்குப் பின்னால் காண்டிராக்டர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"எத்தினி பேர்யா செத்தாங்க?" என்றார் எஸ்.ஐ.

"சார், யாரும் சாவல சார்! பதினொன்னு பேரும் உயிரோட கீறாங்க சார்!"

"நிக்க வை."

பதினொரு பேரும் எதிர்க்கரையிலிருந்து வந்து வரிசையாக நின்றார்கள். வடநாட்டுப் பிள்ளைகள். முழங்கால்வரை சேறு. மாலை போட்ட தூணையும் மேளத்தையும் பார்த்து, யார் செத்தது என்று கையால் கேட்டார்கள். காண்டிராக்டர் தனக்குத் தெரிந்த இந்தியில், ஏரி வெட்டுகிறவர்கள் என்று சொல்லித் தொலைத்தார். அந்தப் பையன்களில் ஒருவன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"பேர் சொல்லு ஒவ்வொருத்தனா," என்றார் எஸ்.ஐ.

காண்டிராக்டர் விழித்தார். "இவன் நீலச் சட்டை சார். அது குட்டையன். இவன்... இவன் புதுசு சார்."

"யோவ், சட்டைய கழட்டிட்டா உனக்கு ஆளே தெரியாதா?"

எஸ்.ஐ. ஒவ்வொருவனிடமும் தானே கேட்டு, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். காண்டிராக்டரும் அவசரமாகப் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினார். எட்டு மாதமாகத் தினம் காலையில் அந்தக் கரையில் நடக்கிறேன். அவர்களைத் தாண்டித்தான் நடக்கிறேன். அந்தப் பதினொன்றில் ஒரு பெயர் எனக்கும் தெரியாது. காண்டிராக்டரைப் பார்த்துச் சிரிக்க வாய் திறந்தவன், உங்கள் அம்மா என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"அப்ப இந்த போஸ்டர அடிச்சது யாரு?" என்று எஸ்.ஐ. திரும்பினார். போஸ்டரின் ஓரத்தில் எங்கள் கடைப் பெயர் இருந்தது. முதலாளி, போட்ட மாலையைத் திரும்ப எடுக்கலாமா என்பது போல் தூணைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன்.

சொன்னேன். துரை, பஞ்சம், கூழு, கரையில் விழுந்த பெண், ஒரு வரி, எல்லாவற்றையும். மேளம் நின்றுவிட்டது. எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இது எந்த செக்‌ஷன்ல வரும்னே தெர்ல. பப்ளிக் நியூசன்ஸ்னு வெச்சுக்கலாம்," என்றார்.

அப்போது கூட்டத்திலிருந்து கேமராவோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். ஓவியக் கல்லூரியில் படிக்கிறவளாம், கொக்குப் படம் எடுக்க வந்தவள். "சார், இது நியூசன்ஸ் இல்ல, பப்ளிக் ஆர்ட்," என்றாள். என்னைப் பார்த்து, "அண்ணா, வெள்ளைக்காரன் ஆதிக்கத்தோட நினைவுச் சின்னத்தையே கேள்விக்கு உள்ளாக்கிட்டீங்க. அதுவும் அந்தப் பொய்யான ஊர்வல நேரம் போட்டீங்க பாருங்க, ஜனங்களையே படைப்புக்குள்ள இழுத்துட்டீங்க. எப்படி அண்ணா தோணுச்சு?"

"அது மறந்துட்டேன்மா," என்றேன்.

"சூப்பர்ணா," என்று குறித்துக்கொண்டாள். "அந்த ஆறு காலி வட்டம்?"

"போட்டோ இல்லம்மா."

அதையும் எழுதிக்கொண்டாள். நல்ல பெண். ஆனால் நான் எதைச் சொன்னாலும் அது நான் சொன்னதைவிடப் பெரிசாகப் போய் அவள் நோட்டில் விழுந்தது.

கேமராவைப் பார்த்ததும் வார்டு உறுப்பினரின் கார் நின்றது. அவர் யார் செத்தது என்று கேட்கவில்லை. அவர் அனுபவசாலி. மேளக்காரரிடமிருந்து ஒரு மாலையை வாங்கிப் போட்டார், கையைக் கட்டி நின்றார், பிறகு அந்தப் பெண்ணின் கேமராவுக்கு முன்னால் குரல் கம்மப் பேசினார். "இந்தத் தொழிலாளர்களின் தியாகம் வீண் போகாது. இவர்களுக்காக இதே இடத்தில் கல்லில் எழுதி வைப்போம். இது என் வாக்குறுதி!" கைத்தட்டல். செயலாளர் அப்போதுதான் கரை மேல் ஏறி வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

எஸ்.ஐ. சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். "வாக்குறுதி குடுத்தவர் கிட்ட கேட்டுக்கோ," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

செயலாளர் மறுக்கலாம் என்றால் முடியாது. 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று அவரே வாட்ஸ்அப்பில் போட்டு வைத்திருந்தார். அழிக்கிற நேரமும் தாண்டிவிட்டது. இதை விடவும் பெரிய தலைவலி, விழாவுக்கு வருவதாக இருந்த சிறப்பு விருந்தினர் வீட்டிலிருந்து வந்தது. மேளம் அடித்து மாலை போட்டாகிவிட்டது, அது இப்போது சாவு விழுந்த இடம், பதினாறாம் நாள் காரியம் முடியாமல் ஐயா அங்கே காலெடுத்து வைக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள்.

"சாவே விழலைங்க!" என்று செயலாளர் போனில் கத்தினார்.

"போஸ்டர் ஒட்டியிருக்குதே," என்றார்கள் அந்தப் பக்கம்.

ஆக, ஏரி வெட்டி எத்தனையோ தலைமுறை கழித்து, வெட்டியவர்களுக்குக் காலனிச் சங்கமே பதினாறாம் நாள் செய்தது. பூசாரி, இறந்தவர் பெயர் கேட்டார். தெரியாது என்றார்கள். எத்தனை பேர் என்று கேட்டார். அதுவும் தெரியாது. "அப்ப பிண்டம் எத்தினி வெக்கிறது?" என்று எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, மொத்த அரிசி மாவையும் கொட்டி ஒரே உருண்டையாகப் பிடித்து வைத்தார். பொருளாளர் சர்ச்சுக்குப் போகிறவர், அவர் தன் பங்குக்கு ஒரு ஜெபம் செய்தார். வடை பாயசம் எல்லாம் உண்டு. தூர் வாருகிற பதினொரு பேரும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாருக்குப் படையல் என்று இந்த முறை அவர்கள் கேட்கவில்லை.

அன்றைக்கே சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் போட்டார்கள். லேப்டாப்போடு என்னையும் கூப்பிட்டார்கள். உங்கள் அம்மா வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு வரி சேர்க்கணும். எங்க சேர்ப்ப?" என்றார் தலைவர்.

"ஒரு பேர எடுத்தா சேர்க்கலாம் சார்."

பதினேழு பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒலிபெருக்கி உதவியைப் பார்த்தார்கள்.

"என் பேர எடுத்தா நான் மைக்க எடுத்துடுவேன்," என்றார் அவர்.

ஆலோசனை சொன்னவர், சிறப்பு ஆலோசனை சொன்னவரிடம், அப்படி என்ன சிறப்பாகச் சொன்னீர்கள் என்று கேட்டார். மூன்று துணைத் தலைவர்களில் யார் மூத்தவர் என்று சண்டை. ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு எழுத்து குறையவில்லை. கடைசியில் தலைவர் மேசையைத் தட்டினார்.

"சும்மா இருங்கய்யா. துரை பக்கம் பாருங்க. நாலு வரி பட்டம் எதுக்கு? அவரா வந்து கேக்கப் போறாரு?"

செயலாளர் வாயைத் திறந்தார். பதினாறு பேர் அவரைப் பார்த்தார்கள். மூடிக்கொண்டார்.

நான் கருணைக் கடலை அழித்தேன். மாட்சிமை பொருந்தியதை அழித்தேன். மேதகு போனது, வள்ளல் போனது. "இன்னும் கொஞ்சம் எடம் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். ஏனென்றால், இடம் காலியாவதைப் பார்த்துப் பின் வரிசையிலிருந்து இரண்டு பேர், நாங்களும் சிமெண்டுக் கொக்குக்கு உதவினோம் என்று எழுந்து நின்றார்கள். ஏரியை வெட்டி மக்களைக் காத்தார் என்ற வரி ரொம்ப நீளம் சார், துரை காலத்தில் வெட்டப்பட்ட ஏரி என்று போட்டால் இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள் என்றேன். உடனே சரி என்றார்கள். துரைக்காக வாதாட அந்த அறையில் ஒருவரும் இல்லை. பதினேழு, பத்தொன்பது ஆனது. எல்லாவற்றுக்கும் அடியில் நாங்கள் கேட்ட வரி உட்கார்ந்தது.

ஓவியக் கல்லூரிப் பெண்ணுக்கு இதைப் போனில் சொன்னபோது, "அண்ணா, நினைவுச் சின்னத்தோட அதிகாரத்தையே கலைச்சிட்டீங்க," என்றாள். கலைத்தது பத்தொன்பது பேருடைய ஆசை என்று சொன்னேன். அதை எழுதிக்கொண்டாளா தெரியவில்லை.

படி இறங்கும்போது உங்கள் அம்மா செயலாளரிடம் கேட்டாள். "சார், இப்ப தூரு வார்ற பசங்க பேரு தெரியுமே. போலீஸ் புக்ல கீது. அதையும் போட்டா இன்னா?"

"அடுத்த கல்லுல பாத்துக்கலாம்மா," என்றார் அவர்.

திறப்பு விழா அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் இருந்தீர்கள். ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் நின்றதால் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சிறப்பு விருந்தினர் துணியை இழுத்தார். கறுப்புக் கல் பளபளத்தது. மைக்கைப் பிடித்துக் கல்லில் உள்ளதைப் படிக்க ஆரம்பித்தார். துரை காலத்தில் வெட்டப்பட்ட ஏரி என்றார், கைத்தட்டல். தலைவர் பெயர், கைத்தட்டல். இப்படியே பத்தொன்பது பெயருக்கும் தட்டினார்கள். ஒலிபெருக்கி உதவியின் பெயர் வந்தபோது அவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அதோடு விருந்தினர் மைக்கைத் தாழ்த்திவிட்டார். செயலாளர் போட்ட மாலை, கல்லின் அடியில் சரியாக அந்த வரி மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வேண்டும் என்று போட்டாரா, மாலைதான் நீளமா, எனக்குத் தெரியாது.

உங்கள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அவள் குனிந்து மாலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தாள்.

"சார், இன்னும் ஒரு வரி கீது. படிங்க."

விருந்தினர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் ஏரியைப் பார்த்தார். உங்கள் அம்மா மாலையை விடவில்லை. அவர் வேறு வழியில்லாமல் குனிந்து, மைக்கை வாய்க்குக் கொண்டுபோய்ப் படித்தார்.

"இந்த ஏரியை வெட்டியவர்கள், பெயர் எழுதி வைக்கப்படாத கூலி மக்கள்."

யாரும் தட்டவில்லை. இதற்குத் தட்டலாமா கூடாதா என்று எல்லோரும் பக்கத்திலிருப்பவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து பலமாகக் கைத்தட்டல் கேட்டது. அந்தப் பதினொரு பேர். தமிழ் அவர்களுக்குப் புரியாது. ஒவ்வொரு வரி படித்த பிறகும் தட்டுவதுதான் இங்கே முறை என்று நினைத்துக்கொண்டு, சேறு காய்ந்த கைகளால் தட்டினார்கள். உங்கள் அம்மா மாலையை ஒரு கையால் பிடித்திருந்ததால், இன்னொரு கையால் கல்லைத் தட்டினாள்.